சிஎன்சி ஓட்டத் தெரியும், இனி என்ன படிக்கிறது?

சிஎன்சி (கணினி ஓட்டுகிற வெட்டு மெசின்) முன்னால் நின்று ஜி54இல் துண்டின் சுழியம் எடுக்கத் தெரியும், டூல் நீளம் பிடிக்கத் தெரியும், யாரோ எழுதித் தந்த புரோகிராமை ஓட்டி நாலு துளை போடவும் தெரியும். இந்த இடத்தில் நிற்கிற தம்பிமார் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணை, அடுத்தது ஐந்து அச்சு மெசினா?" இல்லை. ஐந்து அச்சைப் பிறகு பார்க்கலாம், மூன்று அச்சு மில்லும் இரண்டு அச்சு லேத்தும் கிடைத்தாலே இன்னும் மூன்று வருடத்துக்குப் படிக்க இருக்கிறது.

எங்கள் பக்கத்துப் பட்டறைக்கு என்ன வேலை வருகிறது என்று பாருங்கள். அரிசி ஆலைத் தண்டு, தண்ணீர்ப் பம்பின் தண்டு, லாண்ட்மாஸ்டர் கப்பி, நெல் வெட்டு மெசினின் தேய்ந்துபோன புஷ். எல்லாம் ஒன்று அல்லது இரண்டு. வரைபடம் கிடையாது, உடைந்த துண்டுதான் வரைபடம். காலபோக நெல் வெட்டு நேரமென்றால் ஆள் வாசலிலேயே நிற்பார். பெரிய தொழிற்சாலையில் ஐந்து துண்டைப் பழுதாக்கி ஆறாவதைச் சரிப்படுத்திவிட்டு ஆயிரம் அடிப்பார்கள், எங்களுக்கு அந்த ஐந்து துண்டு கிடையாது. முதல் துண்டே சரியாக வரவேண்டும். நான் 'அட்வான்ஸ்' என்று சொல்வது அதற்கு உதவுகிற வித்தைகளை மட்டும்தான்.

முதலில், கையில் இருப்பது என்ன இரும்பு என்று அறிய வேண்டும். பழைய இரும்புக் கடையில் எடுத்த கம்பிக்கு யாரும் சான்றிதழ் தருவதில்லை. கிரைண்டரில் ஒரு மூலையைத் தொட்டுப் பொறியைப் பாருங்கள். மைல்ட் ஸ்டீல் என்றால் நீளமான பொறி, கிளை குறைவு. கார்பன் கூடக் கூடப் பொறி மத்தாப்பு மாதிரி வெடித்துக் கிளைக்கும். ஸ்டெயின்லெஸ் கட்டையான செம்மஞ்சள் பொறி காட்டும், அலுமினியம் பொறியே விடாது (அதைக் கிரைண்டர் கல்லில் பிடிக்கவும் வேண்டாம், கல் அடைத்துப்போகும்). உழவு இயந்திரத்தின் பழைய அச்சுத் தண்டை எடுத்து வேலை செய்கிறவர்கள் கவனம், பலவற்றில் மேல்தோல் மட்டும் கடினப்படுத்தியிருக்கும், உள்ளே மென்மையாக இருக்கும். அரத்தால் ஒரு இழுப்பு இழுத்தால் தெரிந்துவிடும், வழுக்கினால் கடினம். இன்னொன்று, வன்னியில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்கிறேன்: என்னவென்று தெரியாத குழாய், மூடிய உருளை, தகரம் சுற்றிய பொருள் எதையும் பழைய இரும்புக் குவியலில் இருந்து எடுத்துக் கிரைண்டரிலோ மெசினிலோ வைக்காதீர்கள், யுத்தத்தில் வெடிக்காமல் கிடந்ததாக இருக்கலாம்.

அடுத்தது வேகமும் ஃபீடும் (கட்டர் துண்டுக்குள் முன்னேறும் வேகம்). சூத்திரம் பள்ளிக்கூடக் கணக்குத்தான்: வெட்டு வேகத்தை 1000ஆல் பெருக்கி, பை (3.1416) என்ற எண்ணையும் விட்டத்தையும் பெருக்கி வந்ததால் வகுக்க வேண்டும். 10 மிமீ கார்பைட் கட்டர், மைல்ட் ஸ்டீல், நிமிடத்துக்கு 120 மீற்றர் என்று வைத்தால் 3820 சுற்று. நாலு பல், ஒரு பல்லுக்கு 0.05 மிமீ என்றால் ஃபீட் நிமிடத்துக்கு 764 மிமீ. இதுவரை எல்லோருக்கும் தெரியும். தெரியாதது இதுதான்: பக்கவாட்டில் கட்டரின் பாதி விட்டத்துக்குக் குறைவாக வெட்டும்போது சீவல் நீங்கள் நினைத்த தடிப்பில் வராது, மெலியும். 10 மிமீ கட்டரால் 1 மிமீ மட்டும் பக்கவாட்டில் எடுத்தால் சீவலின் உச்சத் தடிப்பு கணக்கில் 0.6 மடங்குதான், அதாவது 0.05 என்று போட்டது 0.03 ஆகிவிடும். பல் வெட்டாமல் உரசத் தொடங்கும், சூடேறும், கட்டர் கெதியாக மழுங்கும். ஸ்டெயின்லெஸ் என்றால் உரசிய இடமே இறுகி அடுத்த பல்லை உடைக்கும். ஆகவே அங்கே ஃபீடைக் கூட்ட வேண்டும், 0.05ஐ 0.6ஆல் வகுத்தால் 0.083, ஃபீட் ஏறக்குறைய 1270. புதிதாகப் பழகும் எவருக்கும் இது பயமாக இருக்கும், சத்தம் மாறியதும் கை தானாக ஃபீட் குமிழைக் குறைக்கப் போகும். குறைக்காதீர்கள். சீவலை எடுத்துப் பாருங்கள்: தூள் மாதிரி வந்தால் உரசுகிறது, சின்னச் சின்னக் கமா மாதிரித் தனித்தனியாக வந்தால் வெட்டுகிறது.

கேம் (CAM, வெட்டும் பாதையைக் கணினியில் போடுகிற) மென்பொருளில் 'அடாப்டிவ்' என்று வருகிற, பக்கவாட்டில் கொஞ்சமாக எடுத்து வேகமாகப் போகும் வெட்டுமுறை இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது. கணக்குத் தெரியாமல் பொத்தானை அமத்தினால் பழைய ஃபீடிலேயே ஓட்டிக் கட்டரை எரிப்பீர்கள்.

கட்டரை எவ்வளவு வெளியே நீட்டிப் பிடிக்கிறீர்கள் என்பதும் இதோடு சேர்ந்தது. நீட்சி இரண்டு மடங்கானால் வளைவு எட்டு மடங்கு. இதற்கு மேல் விளக்கம் வேண்டாம், தேவையானதைவிட ஒரு மில்லிமீற்றர்கூட நீட்டாதீர்கள்.

இனி லேத். இதில்தான் நான் கூட நேரம் எடுக்கப் போகிறேன், ஏனென்றால் எங்கள் வேலையில் பாதி பெயாரிங் இருக்கைதான். 6205 பெயாரிங்கை எடுங்கள், உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52. தண்டில் அது இறுக்கமாக உட்கார கே6 என்ற பொருத்தம் வைத்தால், தண்டு 25.002க்கும் 25.015க்கும் இடையில் இருக்க வேண்டும். 13 மைக்ரோன் இடைவெளி (ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒன்று). பழைய லேத் பாஸ்மார் 'ஒரு நூல்' என்று கதைப்பார்களே, அது அங்குலத்தில் எட்டில் ஒன்று, 3 மில்லிமீற்றருக்கும் மேல். அந்த ஒரு நூலுக்குள் 13 மைக்ரோன் இருநூறு தடவைக்கு மேல் அடங்கும்.

முதல் தண்டிலேயே இதைப் பிடிக்கிற வழி இப்படி. புரோகிராமில் விட்டத்தை நடு அளவான 25.008 என்று எழுதுங்கள். ஜி71 கட்டளையில் பரும்வெட்டு (முதலில் தடிப்பாகக் கழிக்கும் வெட்டு) போகும்போது விட்டத்தில் 0.8 மிச்சம் விடுங்கள். முடிப்பு டூலின் தேய்மான ஓஃப்செட்டில் (டூல் அளவைத் திருத்தும் எண்ணில்) எக்ஸ் +0.400 போட்டுவிட்டு முடிப்பு வெட்டை ஓட்டுங்கள். இப்போது தண்டு 25.408 இருக்க வேண்டும். அளக்கிறீர்கள், 25.425 என்று வருகிறது. 17 மைக்ரோன் கூட. அப்படியென்றால் +0.400ஐ அழித்து -0.017 போட்டு முடிப்பு வெட்டை மட்டும் மறுபடி ஓட்டுங்கள். இரண்டு தடவையும் டூல் ஏறக்குறைய ஒரே அளவு இரும்பை எடுப்பதால் தண்டும் டூலும் ஒரே மாதிரி வளைந்து கொடுக்கும், அளவு வந்து விழும். சிலர் இரண்டாவது வெட்டுக்கு 0.03 மட்டும் விட்டுவைப்பார்கள். அந்த மெல்லிய தோலை 0.4 மூக்கு ஆரமுள்ள டூல் ஒழுங்காக வெட்டாது, தள்ளிக்கொண்டு போகும், பிறகு மெசினைத்தான் திட்டுவார்கள்.

அளக்கும்போது சூட்டை மறக்காதீர்கள். 25 மிமீ உருக்குத் தண்டு 30 பாகை கூடச் சூடாக இருந்தால் கிட்டத்தட்ட 9 மைக்ரோன் பருத்திருக்கும். உங்களிடம் இருக்கிறதே 13 மைக்ரோன், அதில் பெரும்பங்கு அங்கேயே போய்விட்டது. சூடாக அளந்து "சரி" என்று கொடுத்த தண்டு, ஆலைக்குப் போய்ச் சேரும்போது பெயாரிங்குக்குள் லேசாக வழுக்கும். கூலன்ட் ஊற்றி ஆறவிடுங்கள், மைக்ரோமீற்றரையும் தண்டையும் ஒரே மேசையில் பத்து நிமிடமாவது வையுங்கள், மைக்ரோமீற்றரை வெயில் விழுகிற யன்னலடியில் வைக்காதீர்கள். அளவுகளுக்கு உலகம் வைத்திருக்கிற நியம வெப்பநிலை 20 பாகை, பங்குனி சித்திரையில் எங்கள் தகரக் கூரைக்குக் கீழே அது கனவில்தான். ஆனால் தண்டும் உருக்கு, மைக்ரோமீற்றரும் உருக்கு, பெயாரிங்கும் உருக்கு. மூன்றும் ஒரே சூட்டில் இருந்தால் போதும்.

ஜி96 பற்றி ஒரு கதை. விட்டம் குறையக் குறையச் சுற்றைக் கூட்டி வெட்டு வேகத்தை ஒரே அளவில் வைத்திருக்கிற கட்டளை அது, முகம் வழித்தெடுக்க அருமை. நிமிடத்துக்கு 150 மீற்றர் என்றால் 60 மிமீ விட்டத்தில் 800 சுற்று, 10 மிமீக்கு வரும்போது 4800, மையத்தில் எல்லையே இல்லை. நான் வேலை பழகின இடத்தில் ஒரு வார்ப்பிரும்புக் கப்பியை மூன்று தாடைச் சக்கில் பிடித்து முகம் வழித்தேன். ஜி50 போட்டு உச்சச் சுற்றைக் கட்டிவைக்க மறந்துவிட்டேன். சத்தம் ஏறிக்கொண்டே போனது, சிவப்புப் பொத்தானுக்குக் கை போகும் முன்னமே கப்பி கழன்று கதவில் அடித்தது. கதவு மூடியிருந்தது, அதனால் இதை எழுதுகிறேன். சுற்றும்போது தாடைகளே வெளியே இழுபடும், அந்த இழுப்பு சுற்றின் வர்க்கத்தில் ஏறும், பிடி தளரும். ஃபானுக் நிறுவன வகைக் கட்டுப்பாட்டில் ஜி96க்கு மேலே ஜி50 வரி இல்லாத புரோகிராமை ஓட்டவே வேண்டாம். (சில மெசினில் அதே வேலைக்கு ஜி92, கைநூலைப் பாருங்கள்.)

மில்லிலும் அதே ஓஃப்செட் வித்தைதான், பெயர் ஜி41, கட்டரின் ஆரத்தை மெசினே கணக்கில் எடுக்கிற கட்டளை. 52 மிமீ பெயாரிங் குழி தோண்டுகிறீர்கள் என்றால் கட்டர் ஆரம் 5.000 என்பதற்குப் பதில் டி எண்ணில் (மெசினில் ஆரம் பதிகிற இடம்) 5.200 போட்டு ஓட்டி, அளந்து, திருத்தி மறுபடி ஓட்டுங்கள். இங்கே எல்லோரும் விழுகிற கிடங்கு ஒன்று இருக்கிறது: விட்டத்தில் 0.40 குறை என்றால் ஆரத்தில் 0.20தான் திருத்த வேண்டும். சில மெசினில் டி எண்ணை விட்டமாகவே கேட்கும், ஆகவே முதலில் கழிவுத் துண்டில் சோதியுங்கள். இன்னொன்று, ஜி41ஐ நேர்கோட்டு நகர்வில்தான் தொடங்க வேண்டும், அந்தக் கோடு கட்டரின் ஆரத்தைவிட நீளமாக இருக்க வேண்டும். வளைவில் தொடங்கினால் அலாரம் அடிக்கும்.

மக்ரோ, அதாவது எண்ணை மாற்றி மாற்றி ஓட்டக்கூடிய புரோகிராம் பற்றிச் சுருக்கமாக. பம்ப் விளிம்புகளுக்குத் துளை வட்டம் போடுகிற வேலை அடிக்கடி வரும், ஒவ்வொன்றுக்கும் விட்டமும் துளை எண்ணிக்கையும் வேறு. #101இல் எண்ணிக்கை, #102இல் வட்ட விட்டம், #103இல் தொடக்கக் கோணம் என்று வைத்து, சைனும் கொசைனும் போட்டு ஒரு வைல் (WHILE) சுற்றில், திரும்பத் திரும்ப ஓடும்படி எழுதிவிட்டால் பிறகு மூன்று எண்ணை மாற்றினால் போதும். #100 தொடர் மெசினை நிறுத்தினால் அழிந்துவிடும், #500 தொடர் நிலைக்கும். முதல் வரியிலேயே எண்ணிக்கை ஒன்றுக்குக் குறைவென்றால் #3000ஆல் அலாரம் எழுப்பி நிறுத்தச் சொல்லுங்கள், வெறுமையாக விட்ட எண்ணால் கட்டர் எங்கே போகும் என்று பார்க்க ஆசைப்படாதீர்கள்.

கரண்ட் போவது எந்தப் பாடப்புத்தகத்திலும் வராத அத்தியாயம். இலங்கையில் 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்டை வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9 நாடு முழுவதும் இருண்டதற்குப் பாணந்துறை உப மின் நிலையத்தில் பாய்ந்த குரங்கு என்று அமைச்சர் சொன்னார், நல்ல காலம் அன்று ஞாயிற்றுக்கிழமை. வெட்டின் நடுவில் நின்றுபோன புரோகிராமை நின்ற வரியில் இருந்து தொடங்குவதுதான் பெடியள் செய்கிற முதல் பிழை. அந்த வரிக்குத் தன் டூல் எது, நீளம் எது, சுழியம் எது என்று எதுவும் தெரியாது. அதற்குத்தான் ஒவ்வொரு டூலின் தொடக்கத்திலும் மெசினைத் தெரிந்த நிலைக்குக் கொண்டுவரும் ஜி90 ஜி17 ஜி40 ஜி49 ஜி80, பிறகு ஜி54, சுற்று, டூல் நீளத்துக்கு ஜி43 எல்லாவற்றையும் திரும்ப எழுத வேண்டும், அந்த வரியின் N எண்ணையும் டூல் எண்ணாகவே வையுங்கள். கரண்ட் வந்ததும் டூலை நேரே மேலே எடுத்து, மெசினைத் தாய்நிலைக்கு (ஹோம்) அனுப்பி, விளிம்பை மறுபடி தொட்டுச் சரிபார்த்து, அந்த டூலின் தொடக்க வரியில் இருந்து ஓட்டுங்கள். காற்றில் கொஞ்ச நேரம் போகும், போகட்டும். பழைய மெசின் வாங்கினவர்கள் ஃபானுக் நினைவகப் பற்றரியையும் கவனியுங்கள், அதை மெசின் ஓனில் இருக்கும்போதுதான் மாற்ற வேண்டும். ஓஃப் செய்துவிட்டுக் கழற்றினால் பராமீற்றர் (மெசினின் அமைப்பு எண்கள்) முழுதும் போய்விடலாம்.

மெசின் இல்லாதவர்கள் எங்கே பழகுவது? லினக்ஸ்சிஎன்சியைப் பழைய கணினியில் போட்டால் மெசின் இல்லாமலே ஜி கோட்டை ஓட்டிப் பார்க்கலாம், காசு இல்லை (மக்ரோ எழுதும் முறை மட்டும் ஃபானுக்கில் இருந்து வேறுபடும்). ஃப்ரீகேட்டும் இலவசம், அதற்குள்ளேயே கேம் பகுதி இருக்கிறது. கையால் பழக, கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் விசாரியுங்கள். எங்கே போனாலும் "மெசின் காட்டுவீர்களா" என்று கேட்காதீர்கள், "எத்தனை மணித்தியாலம் நானே ஓட்டலாம்" என்று கேளுங்கள்.

மெசின் கிடைத்த முதல் கிழமையில் செய்ய ஒரு பயிற்சி தருகிறேன். 30 மிமீ கம்பியில் 25 கே6 இருக்கையை மேலே சொன்ன மாதிரிக் கடையுங்கள். கழற்றியவுடன் ஒரு தடவை அளந்து எழுதுங்கள், பத்து நிமிடம் கழித்து இன்னொரு தடவை. துண்டை அப்படியே மேசையில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள். விடிய வந்து மூன்றாவது தடவை அளந்து, மூன்று எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டு, பிறகு பெயாரிங்கைத் தட்டிப் பாருங்கள்.