நாற்பதைத் தாண்டிய பின் முகத்தில் அடிக்கடி வரும் தடிப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பலரும் முதலில் செய்வது, வீட்டில் கிடக்கும் ஸ்டீராய்டு க்ரீமை எடுத்துப் பூசுவதுதான். இருப்பதிலேயே பெரிய தவறும் இதுதான். ட்யூபில் பீட்டாமெத்தசோன், குளோபிட்டசால், மொமெட்டசோன் என்று இருக்கிறதா பாருங்கள். பூஞ்சைக்கும் சிவப்பழகுக்கும் விற்கும் கலவை க்ரீம்களிலும் இவை கலந்திருப்பதுண்டு. பூசினால் இரண்டே நாளில் சிவப்பு அடங்கிவிடும். ரத்தக்குழாய் சுருங்கியிருக்கிறதே தவிர நோய் போகவில்லை. வாரக்கணக்கில் தொடர்ந்தால் தோல் மெலிந்து மெல்லிய ரத்தக்குழாய்கள் வெளியே தெரியும்; நிறுத்தியதும் முன்பைவிட மோசமாகப் பொங்கும். அதைப் பார்த்துப் பயந்து மறுபடி பூசுவதால்தான் பலர் இதிலிருந்து மீள முடிவதில்லை. உதட்டை ஒட்டிய மெல்லிய வளையத்தை மட்டும் விட்டுவிட்டு வாயைச் சுற்றிப் பொடிப்பொடியாகக் கொப்புளம் வந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்த க்ரீமைத்தான். நாள்பட்டுப் பூசியவர்கள் மருத்துவரிடம் கேட்டு நிறுத்துங்கள். முதல் சில வாரம் கூடுதலாகத்தான் இருக்கும், தாங்கிக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றையும் பரு என்று முடிவுகட்டுவது அடுத்த தவறு. கரும்புள்ளியே இல்லாமல் கன்னம், மூக்கு, நெற்றி, மோவாயில் சூடும் எரிச்சலுமாக வந்து போனால் அது ரோசேசியாவாக (முகத்தோல் நாள்பட்டுச் சிவந்து எரியும் நோய்) இருக்கலாம். மாநிறத்திலும் கருநிறத்திலும் சிவப்பு சரியாகத் தெரியாது. எரிச்சலைத்தான் கவனிக்க வேண்டும். வெயில், காரம், மது, சூடான பானம், மாதவிடாய் நிற்கும் காலத்து உடல்வெப்பம் எல்லாம் இதைத் தூண்டும். பென்சாயில் பெராக்சைடு, ஸ்க்ரப் போன்ற பரு வைத்தியம் எரிச்சலைக் கூட்டவே செய்யும். மூக்கோர மடிப்பிலும் புருவத்திலும் எண்ணெய்ப்பிசுக்கான செதில் இருந்தால் அது பெரும்பாலும் செபோரிக் டெர்மடைட்டிஸ், அதாவது பொடுகு வகைத் தோல் அழற்சி. பூஞ்சையை அடக்கும் கீட்டோகோனசோல் 2% க்ரீம் கேட்கும், ஆனால் தலைப் பொடுகையும் சேர்த்துக் கவனிக்காவிட்டால் திரும்ப வரும். மூக்கோர மடிப்பை மட்டும் விட்டுவிட்டு இரு கன்னத்திலும் தடிப்பு படர்ந்து, கூடவே மூட்டுவலி, வாய்ப்புண், காய்ச்சல் இருந்தால் லூப்பஸா (நோய் எதிர்ப்புச் சக்தி நம் உடலையே தாக்கும் நோய்) என்று ரத்தப் பரிசோதனை செய்தாக வேண்டும். இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

ரோசேசியாவுக்கு மெட்ரோனிடசோல் 0.75%, அசிலாயிக் அமிலம் 15%, ஐவர்மெக்டின் 1% ஆகியவற்றில் ஒன்றை எழுதித் தருவார்கள். பலர் பத்தே நாளில் "கேட்கவில்லை" என்று விட்டுவிடுகிறார்கள். 8 முதல் 12 வாரம் பூசினால்தான் பலன் தெரியும். கண்ணில் மணல் விழுந்தது போல உறுத்தினால் அதையும் சொல்லுங்கள், ரோசேசியா கண்ணையும் தாக்கும்.

ஒரே வாரத்தில் நாலு புதுப் பொருளை மாற்றினால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்கவே முடியாது. ஒன்றொன்றாக, முழங்கை உள்மடிப்பில் தினம் இரண்டு வேளை ஒரு வாரம் பூசிப் பார்த்துவிட்டு முகத்துக்குக் கொண்டுபோங்கள். வாசனை சேர்த்தவை வேண்டாம். சன்ஸ்கிரீன் எரிகிறதென்று அடியோடு விடுவதைவிட, ஜிங்க் ஆக்சைடு உள்ள எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேற்பட்டதற்கு மாறலாம்.

மருத்துவரைப் பார்க்கும் நாளில் தடிப்பு அடங்கியிருப்பது சகஜம். அதனால் பொங்கும்போதே பகல் வெளிச்சத்தில், ஃபில்டர் போடாமல், நேராகவும் இரு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். இதுவரை பூசிய ட்யூப் அத்தனையையும், காலியானதையும் சேர்த்து, கையோடு கொண்டுபோங்கள்.