பின் மட்டும் வைத்துக் கொண்டை போடுகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

ரப்பர் பேண்டு, டோனட் (கொண்டைக்குள் வைக்கும் வளையம்), வலை எதுவும் இல்லாமல் வெறும் பின்களை வைத்தே காலையிலிருந்து இரவு வரை நிற்கிற கொண்டை போடலாம். ஆனால் கொண்டை லேசாக நழுவியதும் பலரும் செய்கிற முதல் காரியம் இன்னொரு பின் குத்துவது. அதுவும் நழுவினால் இன்னொன்று. கல்யாண மண்டபத்தில் முகூர்த்தம் முடிவதற்குள் தலையில் இருபது பின் ஏறியிருக்கும், தலையும் வலிக்கும், கொண்டை மட்டும் பிடரிக்கு இறங்கியிருக்கும். இடுப்பு வரை நீளமும் நடுத்தர அடர்த்தியும் உள்ள முடிக்கு 5 அல்லது 6 யு பின் (யு எழுத்துப்போல் கால்கள் விலகி நிற்கும் பின்) போதும். அதற்கு மேல் தேவைப்படுகிறது என்றால் குத்தியிருக்கும் பின்கள் சரியாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

யு பின்னைக் கொண்டையின் நடுவைப் பார்த்து நேராக உள்ளே செருகுவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. அப்படிச் செருகினால் அந்தப் பின் கொண்டை முடிக்குள் மட்டுமே நிற்கும். தலையோடு அதற்கு ஒட்டே கிடையாது. நடக்க நடக்க, குனிந்து நிமிர, அது வந்த வழியே வெளியே வந்துவிடும். சேலைக்கு ஃபால்ஸ் தைக்கும்போது ஊசி இரண்டு துணியையும் சேர்த்துக் கோத்து எடுக்கிறதல்லவா, அதே வேலையைத்தான் யு பின்னும் செய்ய வேண்டும். கொண்டையின் ஓரத்துப் புரியிலிருந்து கொஞ்சம் முடி, அதற்குக் கீழே தலையோடு படிந்திருக்கும் முடியிலிருந்து கொஞ்சம், இரண்டையும் ஒன்றாகப் பிடிக்க வேண்டும்.

கையால் செய்யும்போது இப்படி வரும். பின்னின் முனைகள் கொண்டைக்கு வெளிப்பக்கம் பார்க்கட்டும். அந்த நிலையில் ஓரத்துப் புரியில் ஒரு மெல்லிய கற்றையை மட்டும் கோத்துக்கொள்ளுங்கள். அப்புறம் பின்னை அப்படியே புரட்டி, முனைகளைக் கொண்டையின் நடுப்பக்கம் திருப்புங்கள். திரும்பும்போது அடியில் இருக்கும் தலைமுடியையும் அது அள்ளிக்கொள்ள வேண்டும். இப்போது தலையை ஒட்டினாற்போல உள்ளே தள்ளினால் பின் இறுகிக்கொண்டே போய், வளைந்த தலைப்பகுதி முடிக்குள் மறைந்துவிடும். சரியாகக் கோத்திருந்தால் தள்ளும்போதே ஒரு எதிர்ப்பு விரலுக்குத் தெரியும். வழுக்கிக்கொண்டு உள்ளே போனால் எடுத்துவிட்டு மறுபடி குத்துங்கள். முதல் பின், முடியின் நுனியைச் செருகிய இடத்தில். மற்றவை மேல், கீழ், இடம், வலம் என்று எதிரெதிர்ப் பக்கங்களில். எல்லாப் பின்னையும் கைக்கு எட்டுகிற ஒரே பக்கத்தில் குத்தினால் மறுபக்கம் தானாகத் தொங்கும்.

அடித்தளம் போடாமல் சுற்ற ஆரம்பிப்பது இன்னொரு தவறு. ரப்பர் பேண்டு இல்லாதபோது முடியின் அடிக்கு ஒரு பிடிமானம் வேண்டும். முடியைச் சேர்த்துப் பிடித்து அடியிலேயே இரண்டு முறை முறுக்கிவிட்டு, அதற்குக் கீழே இரண்டு ஹேர்பின்களை (கால்கள் நெருங்கி நிற்கும் பின்) ஒன்றன்மேல் ஒன்றாகப் பெருக்கல் குறிபோல் குறுக்காகக் குத்துங்கள். ஒன்றை ஒன்று தடுத்துப் பிடித்துக்கொள்வதால் இந்த ஜோடி நகராது. கொண்டையின் பாரம் இதன்மேல் உட்காரும்.

முறுக்கு விஷயத்தில் அவசரப்படுகிறவர்களும் உண்டு. தளரச் சுற்றிய கொண்டையை எந்தப் பின்னாலும் காப்பாற்ற முடியாது. நுனிவரை ஒரே திசையில் முறுக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் முடி தானாக ஒரு பக்கம் சுருளப் பார்க்கும். அந்தப் பக்கமே சுற்றிவிடுங்கள். எதிர்ப்பக்கம் சுற்றினால் போட்ட முறுக்கு பிரிந்துவிடும். லேயர் கட் செய்த முடி என்றால் முறுக்குவதைவிடப் பின்னிச் சுற்றுவது நல்லது. இல்லாவிட்டால் குட்டை நுனிகள் முள் முள்ளாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

இனி முடி இருக்கிற நிலை. அன்றைக்குத்தான் ஷாம்பு போட்டு, கண்டிஷனரும் போட்ட தலையில் பின் நிற்பது கஷ்டம். எண்ணெய் வழியும் தலையிலும் அப்படித்தான். தலைக்குக் குளித்த மறுநாள் போடுகிற கொண்டைதான் நன்றாக நிற்கும். விசேஷத்தன்று காலையில் குளித்தே ஆகவேண்டும் என்றால் கண்டிஷனரை விட்டுவிடுங்கள், காய்ந்ததும் அரை மணி நேரம் பின்னல் போட்டு வைத்து அவிழ்த்துச் சுற்றுங்கள். பின்களின்மேல் கொஞ்சம் ஹேர் ஸ்ப்ரே அடித்துக் காயவைத்துக் குத்தினாலும் பிடிப்பு கூடும். ஈரத்தலையில் மட்டும் வேண்டவே வேண்டாம். நனைந்த முடி பருத்திருக்கும், காய்ந்ததும் சுருங்கும், அப்போது எல்லாப் பின்னும் தளரும். தவிர, நனைந்த முடி எளிதில் இழுபட்டு அறுந்துபோகும்.

ஹேர்பின்னால் முழுக் கொண்டையையும் பிடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். அதன் பலமே இரண்டு கால்களும் நெருங்கி நிற்பதில் இருக்கிறது. ஒரு கைப்பிடி முடியை அதற்குள் திணித்தால் வாய் பிளந்து பிடிப்பு போய்விடும். அடித்தளத்துக்கும், பிடரியிலும் காதோரத்திலும் பறக்கும் சின்ன முடிகளுக்கும்தான் அது. நெளிநெளியான கால் தலைப்பக்கம் இருக்க வேண்டும். வாயில் கடித்து விரிப்பதை விட்டுவிடுங்கள். பல் எனாமலுக்கும் கேடு, பின்னுக்கும் கேடு. முனையில் உள்ள பிளாஸ்டிக் மணி உதிர்ந்துபோனால் அந்தப் பின் தலையைக் கீறும், அதைத் தூக்கிப் போடுங்கள்.

கொண்டை என்றால் கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும் என்று பொறுத்துக்கொள்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். ஒரே இடத்தில் சுருக்கென்று குத்தினால் முனை தோலில் படுகிறது. நெற்றியோரம் விண்விண்ணென்று இழுத்தால் முடி வேரோடு இழுபடுகிறது. தினமும் இப்படி இறுக்கிக் கட்டினால் நெற்றியோரமும் காதோரமும் முடி உதிர்ந்து மெலியத் தொடங்கும். ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் அந்த இடத்தில் திரும்ப முளைக்காமலும் போகலாம். வலிக்கிற பின்னை உடனே எடுத்து மாற்றிக் குத்துங்கள். தினமும் கொண்டை போடுகிறவர்கள் ஒருநாள் கீழே, ஒருநாள் மேலே என்று இடத்தையும் மாற்றுங்கள்.

பூ வைக்கும்போது நடக்கிற தவறு ஒன்று இருக்கிறது. கொண்டையைப் பிடித்திருக்கும் பின்னிலேயே மல்லிகைச் சரத்தையும் மாட்டிவிடுவார்கள். தண்ணீர் தெளித்த சரம் நல்ல கனம், அந்தப் பின்னைக் கீழே இழுக்கும். சாயங்காலம் வாடிய பூவை எடுத்தால் கொண்டையும் சேர்ந்து அவிழும். சரத்துக்குத் தனிப் பின் வையுங்கள். மொக்குகளுக்கு நடுவே நாரை மட்டும் கோத்துக் குத்தினால் பூவும் நசுங்காது.

ஸ்கூட்டரில் போகிறவர்கள் ஹெல்மெட்டுக்குள் கொண்டை போடவே கூடாது. ஹெல்மெட் தலையில் முழுதாக உட்காராது. விழுந்தால் அந்தப் பின்களே தலைக்குள் அழுத்தும். பின்னல் போட்டுக்கொண்டு போய், சேர்ந்த இடத்தில் கொண்டையாகச் சுற்றிக்கொள்ளலாம்.

இரவில் பின்னோடு தூங்க வேண்டாம். குத்தும்போதே எத்தனை என்று எண்ணிக்கொண்டால் எடுக்கும்போது ஒன்றும் உள்ளே தங்காது. கடைசியாகக் குத்தியதை முதலில், போன வழியிலேயே மெல்ல உருவுங்கள். கொண்டையைப் பிடித்து இழுத்தால் முடி பின்னில் சிக்கி அறுந்துவிடும். எடுத்த பின்களைக் குளியலறையில் வைக்காமல் ஒரு சின்ன டப்பாவில் போட்டு மூடிவையுங்கள், ஈரம் பட்டால் துருப்பிடிக்கும்.