டிஸ்மிஸ் ஆணை வரும் நாளில் அரசு ஊழியர் செய்யும் தவறுகள்

"கவர்மென்ட் உத்தியோகம், யாரும் கை வைக்க முடியாது" என்று சொல்லித்தான் நம் ஊரில் பெண் கொடுக்கிறார்கள். 2003 ஜூலையில் ஏறக்குறைய 1.7 லட்சம் பேர் மீது சில நாட்களுக்குள் கை வைத்துக் காட்டினார்கள். பறிபோன ஓய்வூதியப் பலன்களையும் மற்ற சலுகைகளையும் திருப்பிக் கேட்டு ஜூலை 2 முதல் தமிழக அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கியிருந்தார்கள். டெஸ்மா என்ற தமிழ்நாடு அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டம் பாய்ந்தது, அதை இன்னும் கூர்தீட்டி ஓர் அவசரச் சட்டமும் வந்தது. மெமோ இல்லை, விளக்கம் கேட்கவில்லை, விசாரணை இல்லை. நேராக டிஸ்மிஸ்.

நான் அப்போது இளநிலை உதவியாளர். அந்த வாரத்தில் என்னைச் சுற்றிப் பார்த்த தவறுகளும், பிறகு பல வருடம் பணியமைப்புக் கோப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்ததில் தெரிந்துகொண்ட தவறுகளும்தான் கீழே இருப்பவை.

"இத்தனை பேரை என்ன செய்துவிட முடியும்?"

முதல் தவறு இந்த நம்பிக்கை. சங்கக் கூட்டங்களில் அடிக்கடி கேட்ட வசனம். லட்சம் பேரை நீக்கினால் அரசு இயந்திரமே நின்றுபோகும், ஆகவே நீக்க மாட்டார்கள் என்பது கணக்கு. கணக்கு தப்பியது. கூட்டம் பெரிதாக இருப்பது பேச்சுவார்த்தை மேசையில் உதவும். ஆணை கையில் வந்த பிறகு அது அவரவர் பெயரில், அவரவர் பதவியில் வந்திருக்கும் தனிக் காகிதம். மேல்முறையீடும் தனித்தனியாகத்தான் போடவேண்டும்.

இதோடு ஒட்டிப் பிறந்த இன்னொரு தவறு, வேலைநிறுத்தம் அரசியலமைப்பு கொடுத்த உரிமை என்று நினைப்பது. சங்கம் அமைக்கும் உரிமை அடிப்படை உரிமை. வேலைநிறுத்தம் அப்படியல்ல என்று 1962-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2003 ஆகஸ்ட் 6 அன்று, டி.கே. ரங்கராஜன் தொடுத்த வழக்கில், நீதிபதிகள் எம்.பி. ஷா, ஏ.ஆர். லட்சுமணன் அமர்வு இன்னும் ஒரு படி போனது: அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, தார்மீக உரிமைகூட இல்லை. கடைசிச் சொல் எனக்கு இன்றும் ஒப்பவில்லை. ஆனால் தீர்ப்பு தீர்ப்புதான். தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973-இல் 22-ஆம் விதியும் அதைத்தான் சொல்கிறது. பணியில் சேரும்போது அந்த விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

311-ஐப் பாதி மட்டும் படிப்பது

எந்த அலுவலகத்திலும் அரசியலமைப்பின் பிரிவு 311 தெரியாத ஆள் கிடையாது. ஆனால் முழுதாகப் படித்த ஆள் அபூர்வம்.

முதலில் 310-ஐப் பார்க்கவேண்டும். அரசு ஊழியர் குடியரசுத் தலைவர் அல்லது ஆளுநரின் விருப்பம் உள்ளவரைதான் பதவியில் இருக்கிறார் என்கிறது அது. அந்த விருப்பத்துக்குக் கடிவாளம் போடுவது 311. அதன் முதல் உட்பிரிவு: உங்களை நியமித்த அதிகாரிக்குக் கீழ்நிலையில் உள்ளவர் உங்களை டிஸ்மிஸ் செய்யவோ நீக்கவோ முடியாது. இரண்டாவது: குற்றச்சாட்டை எழுத்தில் தெரிவித்து, விசாரணை நடத்தி, உங்கள் பக்கத்தைச் சொல்ல நியாயமான வாய்ப்புத் தந்த பிறகே டிஸ்மிஸ், நீக்கம், பதவியிறக்கம் எதுவும். ஆக, வேலைக்கு அது உத்தரவாதம் தருவதில்லை. வேலையைப் பறிக்கும் வழிமுறைக்குத்தான் வேலி போடுகிறது. இன்னொன்று. தண்டனை என்ன என்று முடிவான பிறகு அதைப் பற்றித் தனியாக விளக்கம் சொல்லும் இரண்டாவது வாய்ப்பு முன்பு இருந்தது. 1976-இல் 42-ஆவது திருத்தம் அதை எடுத்துவிட்டது. பழைய ஆட்கள் சிலர் இன்னும் அதைச் சட்டமென்று சொல்லித் தருகிறார்கள்.

மேலும் 311(2)-க்கு மூன்று விதிவிலக்குகள் உண்டு. குற்றவியல் வழக்கில் தண்டனை பெற்றிருந்தால் விசாரணை தேவையில்லை. நாட்டின் பாதுகாப்பை முன்னிட்டு விசாரணை உசிதமல்ல என்று குடியரசுத் தலைவரோ ஆளுநரோ கருதினால் தேவையில்லை. நடுவில் இருப்பதுதான் கூட்டமாக நீக்கும்போது கைக்கு வரும் ஆயுதம்: விசாரணை நடத்துவது நடைமுறையில் சாத்தியமில்லை என்று அதிகாரி கருதி, காரணத்தை எழுத்தில் பதிவு செய்தால் போதும். 1985-இல் துளசிராம் படேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த விதிவிலக்குகளைச் செல்லும் என்றது.

அதே தீர்ப்பில் பலர் கவனிக்காத பகுதி ஒன்று உண்டு. விசாரணையின்றி நீக்கப்பட்டவர் துறை மேல்முறையீட்டிலேயே, "இப்போது நிலைமை சரியாகிவிட்டது, இப்போதாவது விசாரணை நடத்துங்கள்" என்று கேட்கலாம். இந்த ஒரு வரியை மேல்முறையீட்டு மனுவில் எழுதாமல் விட்டவர்களை எனக்குத் தெரியும். பக்கம் பக்கமாகக் குடும்பக் கஷ்டத்தை எழுதியிருப்பார்கள். அத்துடன், பதிவு செய்த காரணம் என்ன என்று கேட்டு எழுத்தில் மனு கொடுக்கவேண்டும். காரணமே பதிவாகவில்லை என்றால் ஆணையின் அடித்தளமே ஆட்டம் காணும்.

311 தனக்கும் உண்டு என்று நினைத்துக்கொள்வது

அரசிடம் சம்பளம் வாங்குகிற எல்லோரும் இந்த வேலிக்குள் இல்லை. பொதுத்துறை நிறுவன ஊழியர், வாரிய ஊழியர் இல்லை. பாதுகாப்புத் துறையில் வேலை பார்க்கும் சிவிலியன்கள்கூட இல்லை. இவர்களுக்கு அவரவர் பணி விதிகளும், 14-ஆம் பிரிவின் சமத்துவமும்தான் துணை. அது ஒன்றும் சிறிய துணையல்ல: மூன்று மாத நோட்டீஸ் கொடுத்து யாரையும் அனுப்பலாம் என்ற மாதிரியான விதிகளை உச்ச நீதிமன்றம் 1986-இலும் 1990-இலும் அதை வைத்தே அடித்து நொறுக்கியது.

தொகுப்பூதியத்தில், திட்டத்தில் வந்தவர்கள் பாடு இன்னும் மோசம். மக்கள் நலப் பணியாளர்களை நினைத்துப் பாருங்கள். 1989-இல் நியமனம், 1991-இல் நீக்கம், 1997-இல் மறுபடி நியமனம், 2001-இல் நீக்கம், 2006-இல் நியமனம், 2011 நவம்பரில் நீக்கம். ஆட்சி மாறும்போதெல்லாம் வீட்டுக்கு. 2011-க்குப் பின் வழக்கு பத்து வருடத்துக்கு மேல் இழுத்து, 2022-இல் மாதம் 7,500 ரூபாய் மதிப்பூதியத்தில் ஊரக வேலை உறுதித் திட்ட வேலை தருகிறோம் என்ற அரசாணையில் வந்து நின்றது. உழைப்பில் குறை சொல்ல முடியாதவர்கள்தான். அவர்கள் கையில் இருந்த நியமன ஆணையில் பலம் இல்லை.

நிரந்தரப் பணியிடத்தில் இருப்பவர்களும் ஒன்று பார்க்கவேண்டும். தகுதிகாண் பருவம் முடிந்துவிட்டது என்று நாமாக நினைத்துக்கொள்வது வேறு, முடிந்ததற்கான ஆணை பணிப்பதிவேட்டில் (எஸ்.ஆர்.) ஏறியிருப்பது வேறு. ஐந்து வருட சர்வீஸ் இருந்தும் பணிவரன்முறை ஆணை இல்லாமல் இருந்தவரின் எஸ்.ஆரை ஒருமுறை பார்த்தேன். பிரிவு எழுத்தர் கோப்பை மேசைக்கடியில் போட்டு வைத்திருந்தார். தகுதிகாண் பருவத்தில் உள்ளவரைக் களங்கம் எதுவும் சொல்லாமல் சாதாரணமாக அனுப்பிவிட்டால் 311 வந்து நிற்காது. வருடத்துக்கு ஒருமுறை உங்கள் எஸ்.ஆரைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அது உங்கள் உரிமை.

பணியிடம் ஒழிந்ததை டிஸ்மிஸ் என்று வாதாடுவது

1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தால் கர்ணம், முன்சீப் உள்ளிட்ட பகுதிநேரக் கிராம அதிகாரிப் பதவிகளை ஒட்டுமொத்தமாக ஒழித்தது. 20,000-க்கும் மேற்பட்டவர்கள். பரம்பரையாகக் கணக்கு எழுதிய குடும்பங்கள் அவை. 311 மீறப்பட்டது என்று உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1982-இல் வந்த பதில்: பணியிடத்தை நல்லெண்ணத்தோடு ஒழிப்பது அரசின் கொள்கை முடிவு, அது தண்டனையல்ல, ஆகவே 311 பொருந்தாது. அந்த இடத்தில் வந்தவர்கள்தான் இன்றைய வி.ஏ.ஓ.க்கள். இப்படி ஒரு நிலை வந்தால் கேட்கவேண்டிய கேள்வி வேறு: ஒழிப்பு உண்மையா, அதே வேலைக்குப் பெயரை மாற்றி வேறு ஆளை வைக்கிறார்களா? மாற்றுப்பணி கேட்டுக் கொடுக்கும் மனுவையும் உடனே கொடுத்துவிட வேண்டும்.

காகிதத்தைக் கண்டு ஓடுவது

"கையெழுத்துப் போட்டு வாங்கினாத்தானே சர்வ் ஆனதாக அர்த்தம்? வாங்காதே தம்பி" என்றார் எங்கள் சீனியர் ஒருவர். ஜூலை இரண்டாவது வாரம் அவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு மாமனார் ஊருக்குப் போய்விட்டார். திரும்பி வந்தபோது கதவில் ஆணையின் நகல் ஒட்டியிருந்தது. நாலு மூலையிலும் பசை காய்ந்து, மழையில் கையெழுத்து கரைந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் இருவர் சாட்சிக் கையெழுத்து. ஒட்டிய அன்றைக்கே மேல்முறையீட்டுக்கான நாள் எண்ணிக்கை ஓடத் தொடங்கியிருந்தது, இவருக்குத்தான் தெரியவில்லை. பதிவுத் தபாலை மறுத்தாலும் அதே கதைதான், 'வாங்க மறுத்தார்' என்று தபால்காரர் எழுதினால் வாங்கிய கணக்கு.

வாங்குங்கள். தேதியும் நேரமும் போட்டு, 'ஆட்சேபணையுடன் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதி வாங்குங்கள். கையெழுத்திட்டவர் உங்கள் நியமன அதிகாரியா, அவருக்குக் கீழே உள்ளவரா என்று முதலில் பாருங்கள். அடுத்து, அது பணியிடை நீக்கமா, பணி நீக்கமா என்று பாருங்கள். பதற்றத்தில் இரண்டையும் குழப்புகிறவர்கள் அதிகம். பணியிடை நீக்கம் தண்டனையல்ல, அந்தக் காலத்துக்குப் பிழைப்பூதியம் உண்டு. வேறு எங்கும் வேலை பார்க்கவில்லை என்று சான்று கொடுத்தால்தான் பிழைப்பூதியம் வரும். ரோஷத்தில் அதைக் கொடுக்காமல் இருந்து, வீட்டு வாடகைக்குக் கடன் வாங்கியவர்கள் உண்டு.

ஒழுங்கு நடவடிக்கை விதிகளின் 17(ஆ)-படி, அதாவது பெரிய தண்டனைக்கான, குற்றச்சாட்டு வந்தால் விசாரணையைப் புறக்கணிப்பது வீரம் என்று சிலர் நினைக்கிறார்கள். விசாரணை அதிகாரிக்கு அதைவிடச் சௌகரியம் எதுவும் இல்லை. ஒருதலைப்பட்சமாக நடத்தி முடித்துவிடுவார். ஆவணங்களின் நகல் கேளுங்கள், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யுங்கள், மறுத்தால் மறுத்ததைப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

நேராக நீதிமன்றம், அல்லது நீதிமன்றமே வேண்டாம்

2003-இல் வழக்குப் போட்டவர்களை நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போகச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். லட்சக்கணக்கானவர்களின் வழக்கைக் கேட்கும் நிலையில் அன்றைய தீர்ப்பாயம் இல்லை. உயர் நீதிமன்றமே கேட்டிருக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பிறகு சொன்னது. அது அசாதாரண சூழ்நிலை. சாதாரண நாளில், துறை மேல்முறையீட்டைத் தாண்டிக் குதித்தால் திருப்பி அனுப்பத்தான் செய்வார்கள். மாநிலத் தீர்ப்பாயம் இப்போது இல்லை, மாநில ஊழியருக்கு உயர் நீதிமன்றம். மத்திய அரசு ஊழியருக்கு மேல்முறையீட்டுக்கு 45 நாள், அதன் பிறகு மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம். மேல்முறையீட்டுக்கு ஆறு மாதமாகியும் பதில் இல்லையென்றால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், அதிலிருந்து ஒரு வருடத்துக்குள் போய்விட வேண்டும்.

மன்னிப்புக் கடிதம்

உச்ச நீதிமன்றத்தில் அரசு ஒப்புக்கொண்டபடி, நிபந்தனையற்ற மன்னிப்பும் 22-ஆம் விதிக்குக் கட்டுப்படுவேன் என்ற உறுதிமொழியும் கொடுத்தவர்கள் பணிக்குத் திரும்பினார்கள். கைதானவர்களும் வழக்குப் பதிவானவர்களுமாகச் சில ஆயிரம் பேர் வெளியே நின்றார்கள். 2004 மக்களவைத் தேர்தலில் படுதோல்வி கண்ட பிறகுதான் அரசு மீதி நடவடிக்கைகளையும் கைவிட்டது.

கையெழுத்துப் போட்டதை நான் தவறென்று சொல்ல மாட்டேன், நானும் போட்டவன்தான். தவறு, படிக்காமல் போட்டது. வராண்டாவில் வரிசையில் நின்று, முன்னால் நின்றவர் முதுகில் காகிதத்தை வைத்துப் போட்டேன். நகல் எடுத்துக்கொள்ளவில்லை. வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டதை ஒப்புக்கொள்வது ஒன்று, வன்முறையில் ஈடுபட்டேன், கோப்பைச் சேதப்படுத்தினேன் என்று எழுதித் தருவது முற்றிலும் வேறு. பின்னது இன்னொரு வழக்கில் உங்களுக்கு எதிராகவே சாட்சி சொல்லும். என் கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்பதை, பல வருடம் கழித்து என் சொந்தக் கோப்பு மேசைக்கு வந்தபோதுதான் முதல்முறையாக முழுதாகப் படித்தேன்.