மங்கலைக் கடைசியில் சேருங்கள்

பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் அரூபச் சிற்பம் ரெண்டர் செய்யும்போது (காட்சியைப் படமாகக் கணித்தெடுக்கும்போது) கேமராவின் டெப்த் ஆஃப் ஃபீல்டை, அதாவது ஃபோக்கஸ் தூரத்துக்கு வெளியே இருப்பதை மங்கலாக்கும் அமைப்பை, அணைத்துவிட்டு, முழுப் படத்தையும் கூர்மையாக எடுங்கள். வியூ லேயர் அமைப்பில் இசட் பாஸை (தூரத்தைப் பதியும் அடுக்கை) இயக்கி, படத்தையும் அதையும் ஒன்றாக வைக்கும் மல்டிலேயர் ஓபன்ஈஎக்ஸ்ஆர் கோப்பாகச் சேமியுங்கள். மங்கலை அப்புறம், எடுத்த படத்தைத் திருத்தும் பகுதியான கம்போசிட்டரில், டீஃபோக்கஸ் என்ற நோடால் (திருத்தக் கட்டத்தால்) சேர்க்கலாம்.

ஒவ்வொரு புள்ளியும் கேமராவிலிருந்து எவ்வளவு தூரம் என்பது இசட் பாஸில் பதிந்திருக்கிறது. அதனால் எஃப்-ஸ்டாப்பை (மங்கலின் அளவைத் தீர்மானிக்கும் எண்ணை) மாற்ற மறுபடி ரெண்டர் தேவையில்லை. உப்புவெளிக் கடற்கரையில் பொறுக்கிய சங்கின் முறுக்கை வைத்து ஓர் உருவம் செய்கிறீர்கள் என்று வையுங்கள்: வாய் விளிம்பு கூர்மையாக வேண்டுமா, உள்ளே சுருளும் மடிப்பா? ஃபோக்கஸ் தூரத்தை நகர்த்தி உடனே பார்த்துவிடலாம். இதில் கிடைக்கும் சுதந்திரம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. திருகோணமலை வெயிலில் மடிக்கணினி மணிக்கணக்கில் கொதிக்கவும் வேண்டாம். நோடில் ‘யூஸ் இசட்-பஃபர்’ பெட்டியைக் குறியிடுங்கள். எஃப்-ஸ்டாப் முதலில் 128 என்று இருக்கும், அதில் மங்கலே தெரியாது. 2.8 அளவுக்குக் குறைத்துப் பாருங்கள்.

கண்ணாடிச் சிற்பத்துக்கு இது சரிவராது. இசட் பாஸ் கண்ணாடியின் முன்பக்கத் தூரத்தை மட்டுமே பதியும், பின்னால் தெரிவது தவறாக மங்கும். பளபளப்பான உலோகத்தில் விழும் பிரதிபலிப்புக்கும் இதே சிக்கல். மெல்லிய கம்பி கேமராவுக்கு மிக அருகில் இருந்தாலும் ஓரங்கள் பிசிறடிக்கும். அங்கெல்லாம் கேமராவின் டெப்த் ஆஃப் ஃபீல்டையே இயக்கி, சாம்பிள்களை (ஒவ்வொரு புள்ளிக்கும் கணிக்கும் தடவைகளை) கூட்டி எடுங்கள்.