டிஸ்சார்ஜ் ஆயி வந்தவங்கள வெளிய இட்டுகினு போறது எப்படி

என் தம்பிக்கு ஸ்கிசோஃப்ரீனியாங்கற மனநோய். ஆஸ்பத்திரில இருந்து வந்து ரெண்டு மாசம் ரூமை சாத்திகினு படுத்தே கெடந்தான், நாங்க சோம்பேறித்தனம்னு திட்டிகினே இருந்தோம், அப்புறம்தான் டாக்டர் சொன்னாரு எதுலயும் ஆர்வம் இல்லாம போறதும் அந்த வியாதியோட ஒரு பாகம்னு. அதனால மொதல்ல திட்டறத நிறுத்துங்க.

எடுத்தவுடனே ஏலகிரி, ஜவ்வாதுமலைனு கெளம்பாதீங்க. நாங்க தெருமுனை டீக்கடைல ஆரம்பிச்சோம், ஒரு டீ, திரும்ப வீடு, அவ்ளோதான். அப்புறமாதான் வேலூர் கோட்டை. அகழி ஓரமா மர நெழல்ல நடந்துட்டு புல்லுல உக்காந்துக்கலாம், யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. ஞாயித்துக்கெழம சாயந்தரம் மட்டும் வேணாம், கூட்டமும் சத்தமும் சில பேருக்கு பயத்த கெளப்பிடும். எந்த பக்கம் போறதுனு அவங்களே சொல்லட்டும், நீங்க பேச்ச கொறச்சிக்கோங்க.

நேரம்தான் முக்கியம். ராத்திரி மாத்திரயோட மயக்கம் காலைல தெளியாது, அஞ்சு மணிக்கு எழுப்பி இழுக்காதீங்க, சாயந்தரம் அஞ்சுக்கு மேல போங்க. நம்ம ஊரு வெயில் சாதாரணமில்ல, அதுலயும் இந்த மாத்திரைங்க பலதும் ஒடம்பு சூட்ட தணிக்கற சக்திய கொறச்சிடும், அதனால தாகம் எடுக்கலனாலும் தண்ணி குடுத்துகினே இருக்கணும். லித்தியம்னு மனநிலைய சீரா வெக்கற மாத்திர சாப்படறவங்கனா இன்னும் உஷார், ஒடம்புல தண்ணி கொறஞ்சா ரத்தத்துல லித்தியம் ஏறிடும், கை நடுக்கம் ஜாஸ்தியாவுது, வாந்தி பேதி, நடை தள்ளாடுதுனா அன்னிக்கே டாக்டர பாருங்க. குளோர்புரோமசின்னு ஒரு மனநோய் மாத்திர, அத சாப்பட்டா வெயில்ல தோலு சீக்கிரம் கன்னிப்போவும், முழுக்கை சட்ட போட்டு தொப்பி வெச்சி விடுங்க. உக்காந்த எடத்துலேர்ந்து மெதுவா எழச்சொல்லுங்க, தல சுத்தும்.

நல்லா நடக்கறான்னு மாத்திரய மட்டும் நிறுத்திடாதீங்க ப்ளீஸ்.

சாவறத பத்தி பேச்சு வந்தா அகழி, மலை, கெணறு பக்கமெல்லாம் போவவே வேணாம், தனியா விடாம டாக்டர்கிட்ட இட்டுகினு போங்க. 14416 டெலி மனஸ், அரசாங்கத்தோட மனநல உதவி போன் நம்பர், ராத்திரி பகல் எப்ப வேணா தமிழ்லயே பேசலாம், காசு கெடையாது.

கோட்டை பழகினப்புறம் அமிர்தி போனோம், சுமார் 25 கிலோமீட்டர், ஜவ்வாதுமலை அடிவாரம், காடு. நான் பஸ்ல பின்னாடி உக்காந்துகினு காச அவன்கிட்ட குடுத்துட்டேன். அவனே கண்டக்டர்கிட்ட ரெண்டு டிக்கெட் கேட்டு வாங்கி, மீதி சில்லறய எண்ணிப்பாத்து, "கரெக்டா இருக்குக்கா"னு என் கைல குடுத்தான்.