பைனா, வேறு மரமா? முனையைச் சீவிப் பாருங்கள்

பழைய பேக்கிங் பெட்டிப் பலகை எந்த மரம் என்று தெரியவில்லையா? வெட்டுமுனையை (பலகையைக் குறுக்காக அறுத்த முனை) புது பிளேடால் மெல்லச் சீவி, ஒரு சொட்டுத் தண்ணீர் தடவி, 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். ஊசியால் குத்தியது போல் புள்ளிகள் தனித்தனியாக நிறைய தெரிந்தால் பைன். சின்னதாக, அபூர்வமாக, இரண்டு மூன்றாக ஒட்டி நின்றால் பைன் போலவே ஊசியிலை மரங்களான ஸ்புரூஸ், லார்ச், டக்ளஸ் ஃபர் இவற்றில் ஒன்று. ஒன்றுமே இல்லையா, ஃபர் அல்லது ஹெம்லாக் என்ற ஊசியிலை மரமாக இருக்கலாம்.

அந்தப் புள்ளிகள் பிசின் ஓடும் குழாய்கள். நிறமும் வாசமும் நாளாக நாளாக மாறும், அவற்றை நம்ப வேண்டாம். இந்தக் குழாய்கள் அப்படியே இருக்கும். சீவாமல் பார்த்தால் பயனில்லை, ரம்பம் பட்ட இடத்தில் இழை நசுங்கியிருக்கும்.

காயம்பட்ட ஃபர் மரத்திலும் புள்ளிகள் வரும், ஆனால் மரத்தின் வளர்ச்சி வளையத்தை ஒட்டி ஒரே வரிசையாக. அப்புறம், முனை முழுக்கத் துளைகள் தெரிந்தால் அது ரப்பர் மரம் போன்ற வன்மரம், அதாவது அகன்ற இலை மரம். அதற்கு இந்தச் சோதனை பொருந்தாது.