ரிசர்வில் நிறுத்திவிட்டு ஊருக்குப் போகாதீர்கள்: எலக்ட்ரிக் பைக்குக்கு மாறுபவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயம்புத்தூர் துடியலூரிலிருந்து ஒரு தம்பி போன் செய்தான். பெட்ரோல் பைக்கில் லடாக் வரை போய் வந்தவன். ஆறு மாதத்துக்கு முன்பு எலக்ட்ரிக் பைக் வாங்கும்போது என்னிடம்தான் யோசனை கேட்டான்.

"அண்ணா, வண்டி எந்திரிக்கவே மாட்டேங்குதுங்ணா. சார்ஜர் போட்டா செகப்பு லைட்டு மட்டும் மினுக்குது."

"எத்தனை நாள் நின்னுச்சு?"

"பன்னண்டு நாளுங்ணா. அக்கா கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிட்டேன்."

"நிறுத்துறப்ப எத்தனை பர்சென்ட் இருந்துச்சு தம்பி?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "ரெண்டோ மூணோ இருந்துச்சுங்ணா."

இந்த வருஷத்தில் இதே விஷயத்துக்காக எனக்கு வந்த மூன்றாவது போன் அது. மூன்று பேருமே பைக்கை உயிராக நினைப்பவர்கள். செயினுக்கு எப்போது எண்ணெய் விட வேண்டும், டயருக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்பதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். அவர்களுக்குத் தெரிந்த அந்தப் பெட்ரோல் பழக்கம்தான் இங்கே காலை வாருகிறது. நானும் 11 வருடம் புல்லட் ஓட்டிவிட்டு 2022-ல் எலக்ட்ரிக்குக்கு வந்தவன்தான். ஹெல்மெட் போடுங்கள், சார்ஜரை மறக்காதீர்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும். பழைய ரைடர்கள் தெரியாமல் செய்கிறவற்றை மட்டும் சொல்கிறேன்.

விளம்பரத்தில் உள்ள கிலோமீட்டரை நம்பிக் கிளம்புவது

நம் நாட்டில் வண்டி விளம்பரங்களில் வரும் தூரம் பெரும்பாலும் ஐ.டி.சி. (இந்தியன் டிரைவிங் சைக்கிள்) முறையில் சோதனைக்கூடத்தில் அளந்தது. அங்கே எதிர்காற்று இல்லை, பின்னால் ஆள் இல்லை, மேடு இல்லை. அல்ட்ராவயலெட் எஃப்77 மாக் 2-ன் பெரிய பேட்டரி மாடலுக்கு 323 கிலோமீட்டர் என்று அச்சிட்டார்கள். ரிவோல்ட் ஆர்.வி.400 வந்தபோது ஈகோ மோடில் 150, ஸ்போர்ட் மோடில் 80 என்று அவர்களே பிரித்துச் சொன்னார்கள். ஒரே பேட்டரி, ஒரே வண்டி, மோடு மாறினால் கிட்டத்தட்ட பாதி. ஆக்சிலேட்டரை முறுக்கும் நம் வலது கை அதைவிடவும் குறைக்கும்.

காரணம் காற்று. ஒரு கிலோமீட்டருக்குக் காற்றைக் கிழிக்க ஆகும் சக்தி, வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறும். 60-ல் போவதற்கும் 90-ல் போவதற்கும் காற்றின் பங்கு மட்டும் இரண்டேகால் மடங்கு வித்தியாசம். என் வண்டி ஊருக்குள் 45, 50-ல் போனால் 100 கிலோமீட்டர் தருகிறது. எல் அண்ட் டி பைபாஸில் 80-ஐத் தொட்டுக்கொண்டே போனால் 65-தான்.

கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இதில் இன்னொன்றும் உண்டு. ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எதிரே அடிக்கும்போது மீட்டர் 60 காட்டினாலும் பேட்டரிக்கு அது 90. பாலக்காடு போகிற வழியில் வாளையார் தாண்டும்போதே சதவீதம் மளமளவென்று இறங்கும். திரும்பி வரும்போது அதே காற்று தள்ளிக்கொண்டு வந்து விட்டுவிடும். அதனால் புது வண்டியை ஒருமுறை நீங்கள் போகும் பாதையில், உங்கள் வேகத்தில் ஓட்டி அளந்துகொள்ளுங்கள். அந்த எண்தான் உங்களுடையது.

ரிசர்வில் நிறுத்திவிட்டுப் போவது

இதைப் பற்றிப் பேசினால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பெட்ரோல் பைக்கை ரிசர்வில் போட்டு வீடு வரை ஓட்டிவந்து நிறுத்திவிட்டு ஒரு மாதம் வெளியூர் போகலாம். திரும்பி வந்து பாட்டிலில் ஒரு லிட்டர் வாங்கி ஊற்றி உதைத்தால் ஓடும். காலி டேங்க் பைக்கை ஒன்றும் செய்யாது. இதை 11 வருடம் செய்து பழகிய எனக்கு, காலி பேட்டரியும் காலி டேங்க்கும் ஒன்றுதான் என்று பட்டது.

வண்டி வாங்கி எட்டாவது மாதம். ஒரு ஞாயிறு இரவு வால்பாறை போய்விட்டு வீட்டுக்கு வந்தேன். டிஸ்பிளேயில் 4 சதவீதம். அலுப்பில் சார்ஜ் போடாமல் படுத்துவிட்டேன். விடிகாலையில் மதுரையிலிருந்து போன், அப்பாவுக்கு நெஞ்சுவலி. கிடைத்த பஸ்ஸில் ஏறிப் போனவன் திரும்பி வந்தது 26 நாள் கழித்து. வண்டி விழிக்கவில்லை. சார்ஜர் மாட்டினால் சிவப்பு விளக்கு. சர்வீஸ் சென்டருக்கு மினி டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனேன். மூன்று வாரம் வைத்திருந்துவிட்டு, செல் வோல்டேஜ் அளவுக்குக் கீழே போய்விட்டது, வாரண்டி கிடையாது, புதுப் பேட்டரிதான் என்றார்கள். 68,000 ரூபாய்.

நடந்தது என்ன என்று அப்புறம்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வண்டியை ஆஃப் செய்தாலும் அது முழுசாகத் தூங்குவதில்லை. பேட்டரியைக் காவல் காக்கும் பி.எம்.எஸ். விழித்திருக்கும். வண்டி எங்கே நிற்கிறது என்று ஆப்பில் காட்டுவதற்காக உள்ளே இருக்கும் சிம் கார்டும் ஜி.பி.எஸ்.ஸும் விழித்திருக்கும். எல்லாம் சேர்த்து வெறும் அரை வாட் என்று வைத்துக்கொண்டாலும் 26 நாளில் 0.3 யூனிட் கரைந்துவிடும். என் பேட்டரி மொத்தமே 3.5 யூனிட். அதில் 4 சதவீதம் என்றால் 0.14 யூனிட். இருந்ததைப் போல இரண்டு மடங்கை வண்டி சும்மா நின்றபடியே கேட்டிருக்கிறது. அதே 26 நாளும் 60 சதவீதத்தில் நின்றிருந்தால் 51-ல் எழுந்திருக்கும். ஒன்றுமே ஆகியிருக்காது.

சரி, கீழே போனால் மறுபடி ஏற்றிக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்பார்கள். லித்தியம் செல் அப்படிப்பட்டது இல்லை. நம் பைக்குகளில் பரவலாக இருக்கும் என்.எம்.சி. வகைச் செல் நிறைந்திருக்கும்போது 4.2 வோல்ட். 3 வோல்ட் பக்கம் வந்தால் காலி என்று கணக்கு. டிஸ்பிளே பூஜ்யம் காட்டும்போதும் உள்ளே கொஞ்சம் பத்திரமாக மிச்சம் வைத்திருப்பார்கள். அந்த மிச்சமும் போய், வோல்டேஜ் 2-ஐ நோக்கி இறங்கினால் செல்லுக்குள் இருக்கும் செம்புத் தகடு கரைய ஆரம்பிக்கும். அதற்கு மேல் சார்ஜ் ஏற்றினால், கரைந்த செம்பு கண்ட இடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகலாம். ஷார்ட் ஆனால் தீ. அதனால்தான் பி.எம்.எஸ். சார்ஜை ஏற்க மறுக்கிறது. அந்தச் சிவப்பு விளக்கு நம்மைக் காப்பாற்றத்தான் எரிகிறது.

இங்கேதான் இரண்டாவது ஆபத்து. "வெளியே இருந்து நேரா கரண்ட் குடுத்து எழுப்பிடலாம் சார், 3,000 ரூபா குடுங்க போதும்" என்று சொல்லும் ஆட்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். என்னிடமும் ஒருவர் சொன்னார். 68,000-க்கு முன்னால் 3,000 பெரிய ஆசைதான். செய்யாதீர்கள். எழுந்தாலும் எழும். ஆனால் அந்தப் பேட்டரியை வீட்டு வாசலில், மாடிப்படிக்குக் கீழே, பிள்ளைகள் தூங்கும் அறைக்கு அடியில் நிறுத்தி இரவெல்லாம் சார்ஜ் போடப்போவது நீங்கள்.

என் கோபம் பணத்தைப் பற்றியது மட்டும் இல்லை. குறைந்த சார்ஜில் நிறுத்தி வைக்கக் கூடாது என்ற வரி கையேட்டில் இருந்தது, பொடி எழுத்தில், பின்பக்கங்களில். டெலிவரி எடுத்த அன்று ஷோரூமில் அரை மணி நேரம் போனில் ப்ளூடூத் இணைத்துக் காட்டினார்கள், விதவிதமான சைலன்சர் சத்தம் போட்டுக் காட்டினார்கள். இந்த ஒரு வரியைச் சொல்ல ஒருவருக்கும் நேரமில்லை. இன்றைக்கும் புதிதாக வாங்குகிறவர்களிடம் கேட்டுப் பார்க்கிறேன். ஒருவருக்கும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நான் இப்போது செய்வது இதுதான். 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால், எவ்வளவு அலுப்பாக இருந்தாலும் சார்ஜரை மாட்டிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவேன். ஒரு வாரத்துக்கு மேல் வெளியூர் என்றால் 50, 60-ல் நிறுத்துகிறேன். நிறைத்து 100-ல் வைத்துவிட்டுப் போவதும் நல்லதில்லை, அதுவும் வெயில் காலத்தில் பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும். பல வண்டிகளில் சீட்டுக்கு அடியில் பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் ஒரு எம்.சி.பி. சுவிட்ச் இருக்கும், அதை இறக்கிவிடலாம். கழற்றக்கூடிய பேட்டரி என்றால் கழற்றி நிழலில் வைக்கலாம். அவசரமாகக் கிளம்ப வேண்டி வந்தால் பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்து இரண்டு மணி நேரம் சார்ஜ் போட்டு எடுக்கச் சொல்லுங்கள். அன்றைக்கு எதிர் வீட்டு அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு 68,000 மிச்சம்.

துடியலூர் தம்பிக்கு அதிர்ஷ்டம். 12 நாள்தான் என்பதால் செல்கள் ரொம்பக் கீழே போகவில்லை. சர்வீஸ் சென்டரில் ஒவ்வொன்றாக அளந்து பார்த்து, மிகக் குறைந்த கரண்டில் இரண்டு நாள் ஏற்றி எழுப்பிவிட்டார்கள்.

ஊட்டியில் ஃபுல் சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்குவது

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குச் சுமார் 1,900 மீட்டர் உயரம் ஏற வேண்டும். வண்டி, ஆள், பை எல்லாம் சேர்த்து 210 கிலோ என்றால் அந்த எடையை மேலே தூக்குவதற்கு மட்டுமே ஒரு யூனிட்டுக்கு மேல் ஆகும். இதை எல்லோரும் யோசித்துத்தான் போகிறார்கள். இறக்கத்தை யாரும் யோசிப்பதில்லை.

இறங்கும்போது மோட்டார் ஜெனரேட்டராக மாறி வண்டியைப் பிடித்து, அந்தச் சக்தியைப் பேட்டரிக்குத் திருப்பித் தரும். கியரில் வைத்து இறங்கிப் பழகியவர்களுக்கு அந்த இழுவை எஞ்சின் பிரேக் மாதிரியே பழகிப்போகும். ஆனால் பேட்டரி நிறைந்திருந்தால் திருப்பித் தருவதை வாங்கி வைக்க இடமில்லை, அந்த இழுவையே இருக்காது. கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு இறங்குவது போல வண்டி உருளும். இடது கால் தானாகக் கியரைத் தேடும், அங்கே கியரும் இல்லை. கோத்தகிரி வழியில் முதல் நான்கு வளைவுகளை நான் வெறும் பிரேக்கில் இறங்கினேன். டிஸ்க் கருகிய வாசனை வந்ததும் ஓரமாக நிறுத்திவிட்டேன். ஊட்டியில் 75, 80 சதவீதத்துக்கு மேல் ஏற்றாதீர்கள். இறங்குவதற்கு அவ்வளவு தேவையே படாது.

மேப்பில் தெரியும் எல்லா சார்ஜரும் நமக்குத்தான் என்று நினைப்பது

நெடுஞ்சாலை ஹோட்டல்களில் நிற்கும் பெரிய சார்ஜர்கள் பெரும்பாலும் கார்களுக்கான சி.சி.எஸ்.2. அந்தப் பிளக் பெரும்பாலான பைக்குகளின் வாயில் நுழையாது. ஏதர் நிறுவனம் வடிவமைத்த இருசக்கர வாகனக் கனெக்டரை 2023-ல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஏற்றுக்கொண்டது. ஹீரோ விடாவும் அதைப் பயன்படுத்துகிறது. ஆனாலும் இன்னும் எல்லா வண்டிக்கும் ஒரே வாய் வரவில்லை. கிளம்புமுன் உங்கள் வண்டிக்கு எது பொருந்தும் என்று பார்த்து வையுங்கள். கூடவே கொடுத்த சார்ஜரை நம்பிப் போனால், 3.5 யூனிட் பேட்டரி 750 வாட் சார்ஜரில் நிறைய ஐந்து மணி நேரம் ஆகும். டீ குடிக்கிற நேரத்தில் நடக்காது.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்

வேண்டாம். எர்த் சரியாக உள்ள 16 ஆம்பியர் பாயிண்ட் ஒன்றைப் பார்க்கிங்கில் போட்டுவிடுங்கள்.

சத்தம் இல்லாததால் ஆஃப் என்று நினைப்பது

இறங்கும் முன் சாவியைத் திருப்புங்கள். ஆன் ஆன வண்டியைத் தள்ளும்போது ஆக்சிலேட்டரைப் பிடித்தால் பாய்ந்துவிடும்.

ஓட்டி முடித்த கையோடு சார்ஜ் போடுவது

சித்திரை வெயிலில் ஒரு மணி நேரம் ஓட்டிய பேட்டரி கொதித்துக் கிடக்கும். அரை மணி நேரம் நிழலில் ஆறவிட்டுப் போடுங்கள்.

பழைய பைக்கை அதே வாரம் விற்றுவிடுவது

நான் அப்படித்தான் விற்றேன். பேட்டரிக்காகக் காத்திருந்த நாட்களில் காந்திபுரம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போனேன். குறைந்தது ஒரு ஆடிக் காற்றும் ஒரு ஐப்பசி மழையும் புது வண்டியில் ஓட்டிப் பாருங்கள், பிறகு விற்பதைப் பற்றி யோசிக்கலாம். இந்த ஒன்றில் மட்டும் துடியலூர் தம்பி என் பேச்சைக் கேட்டிருந்தான். எலக்ட்ரிக் சர்வீஸில் நின்ற இரண்டு நாளும் பழைய பைக்கில்தான் வேலைக்குப் போய் வந்தான்.